எழுதுகோல் யாரிடம்?

சைரன்களின் இசை தன் அறிவை மயக்கும் என முன்னுணர்ந்த ஒடிசியஸ், தன்னைப் பாய்மரத்திற் கட்டுமாறும், தானே கெஞ்சினும் அவிழ்க்க வேண்டாமென்றும் தோழரைப் பணித்தான் என்பது ஹோமரின் காவியம். தெளிந்த மனம் கலங்கவிருக்கும் மனத்துக்கு இடும் இக்கட்டளை சுதந்திரமா, தளையா?

உளநோயுறின் எச்சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கிற்று. ஆயின், 18 வயது நிரம்பாதோர்க்காக அதனை எழுதுபவர் பாதுகாவலரே. சிறுவர்க்கு முதிர்ச்சி போதாது என்பது இதற்குரிய நியாயம் எனலாம். எனினும், ஒருமுறை நோயுற்று மீண்ட சிறுவன், மருந்தின் தாக்கத்தையும் அடைபட்ட அறையின் தனிமையையும் தானே அனுபவித்தவன். அவ்வறிவு பாதுகாவலரிடம் இல்லை.

எனவே, எழுதுகோல் அவர் கையில் இருப்பினும், எழுதுமுன் அவனைக் கேட்டல் அவர்தம் கடனாகும். கேளாது எழுதப்பட்டது பிறர் பூட்டிய தளை. கேட்டு எழுதப்பட்டதே ஒடிசியஸின் கயிறு.