சாய்ந்த வண்டியை நிமிர்த்து!

பழைய செவர்லே எஸ்-10 பிக்கப் வாங்கினாய். முன்னால் குட்டைச் சுருள் ஸ்பிரிங் போட்டாய். பின்னால் ஆக்ஸிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை செருகினாய். கலிஃபோர்னியாத் தெருவில் தரையை உரசுவதுபோல் ஓட்டிப் போகலாம் என்று கனவு கண்டாய்.

இறக்கிப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது! உடனே சோர்ந்துவிட்டாயா?

"இந்த வண்டியே இப்படித்தான்." யார் சொன்னது? அளந்தாயா?

"வண்டியின் அடிச்சட்டம் கோணலாக இருக்கும்." கண்டாயா, கற்பனையா?

பயமா? அழுத்தத்தில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பயப்படு. அது ஆளையே கொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கப் பயப்படு. அளவு டேப்புக்கு என்ன பயம்?

எழு! சமதளத்தில் நிறுத்து. இடம் வலம் டயர் காற்றைச் சமமாக்கு. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையும் அள.

குற்றவாளி முன்னாலா, பின்னாலா? முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி கொடு. முன்சக்கரம் இரண்டும் தரையை விடட்டும். பின்பக்கம் நிமிர்ந்துவிட்டதா? குற்றம் முன்னால். இன்னும் சாய்வா? பின்னால் தேடு!

முன்னால்தான் என்றால், சுருளின் நுனி கீழ் ஆர்மின் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, பார்.

ஆர்ம் போல்ட்டை எப்போது முறுக்கினாய்? சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதா? அங்கேதான் சறுக்கினாய்! ரப்பர் புஷ் அந்தத் தொங்கலிலேயே பிடித்துக்கொண்டது. தரையில் இறக்கியதும் முறுக்கேறித் திமிறுகிறது. அந்தப் பக்கத்தைத் தூக்கியே பிடிக்கிறது.

தளர்த்து! சக்கரத்தில் முழு எடையும் விழட்டும். பம்பரை அமுக்கி ஆட்டு. அந்த நிலையிலேயே, கையேட்டில் சொன்ன அளவு இறுக்கு. பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ்ஷுக்கும் இதே வைத்தியம்.

தாழ்ந்த பக்கச் சுருளில் ஒரு வளையத்தைச் செருகிச் சாய்வை மறைக்கலாமே என்கிறாயா? காரணம் தெரியாமல் செருகாதே! அது சோம்பேறியின் வழி.

சுருளை காஸ் வெட்டில் சுட்டுக் குறைத்தாயா? சூட்டில் எஃகின் உரம் போய்விட்டது. அழாதே, தூக்கி எறி. இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்று.

எஸ்-10-இல் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம். நீயும் அங்கேதான் உட்காருகிறாய். கால் அங்குலச் சாய்வு என்றால் நான் விட்டுவிடுவேன். ஒரு அங்குலமா? விடாதே!

கை கறுக்கட்டும். துருப்பிடித்த போல்ட் முரண்டு பிடிக்கட்டும். எண்ணெய் விட்டு ஊறவை, மறுபடி முறுக்கு. அதை மாட்டியவனும் மனிதன்தானே?

நிமிர்ந்துவிட்டதா? அங்கே நிற்காதே! உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். நேரே அலைன்மென்ட்டுக்குப் போ, டயரின் உள்விளிம்பு தேய்வதற்குள்!