வேம்பின் செந்தளிர்

பங்குனித் திங்களில் ஒருநாள், ஆலய வளாகத்து வேம்பின் நிழலில் சிறுவரை அமர்த்தி, அம்மரத்தைப் பார்த்துக் கவிதை எழுதச் சொன்னேன். பலரும் பாடநூலில் கற்றதையே எதுகையோடு எழுதினர். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், 'குட்டி இலை சிவப்பாயிருக்கிறது. தம்பி பிறந்தபோதும் இப்படித்தான் இருந்தான்' என்று எழுதியிருந்தாள்.

'வேப்பிலை பச்சையல்லவா?' என்று அவ்வரியை அடித்தேன். அவள் மறுமொழி கூறாது மரத்தை அண்ணாந்து நோக்கினாள். நானும் நோக்கினேன். கிளை நுனியெங்கும் செம்பு நிறத் தளிர்கள்! பல்லாண்டுகள் அதன்கீழ் நடந்தும் நான் கண்டதில்லை.

பொய் சொல்லலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். காணாததை எழுதினால் பாராட்டுவதும், கண்டதை எழுதினால் அழிப்பதும் பொய்க்குப் பயிற்சியன்றோ? எதுகையும் மோனையும் கற்பிக்க வேண்டியவையே. ஆயின் அவை கண்டதை உரைக்கும் கருவிகள். காணாமையை மறைக்கும் திரைகளல்ல.

நற்றிணையின் 172-ஆம் பாடலில், சிறுமியர் விளையாட்டாய் மணலில் அழுத்திய விதை புன்னையாய் வளர்கிறது. அதனை மகளுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள் அன்னை. பின்னாளில் அம்மரத்தடியில் காதலனோடு நகையாடவும் மகள் நாணுகிறாள். சொல் உறவாயிற்று, உறவு ஒழுக்கமாயிற்று. தளிரில் தம்பியைக் கண்ட பிள்ளை, நாளை அக்கிளையை எளிதில் ஒடிப்பாளோ?

அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டு, அடித்த வரியை என் கையாலேயே மீண்டும் எழுதிக் கொடுத்தேன். அன்பரே, பிள்ளையின் ஏட்டில் கோடு கிழிக்குமுன், ஒருமுறை மரத்தை அண்ணாந்து பாருங்கள்.