பின்னால் வருவது சம்மதமா?

அன்பினால் நம் பின்னே எங்கும் வந்துவிடக்கூடிய ஓர் உயிரை, அதற்குத் தெரியாத ஆபத்துக்குள் அழைத்துச் செல்ல நமக்கு உரிமை உண்டா? குளிர்காலத்தில் வளர்ப்பு நாயோடு மலையேறுகிறவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெயில் ஊர்க்காரிக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நடப்பவர்களைப் பற்றிய கேள்வி இது. அந்த இடத்தில் நாம் நெடுங்காலம் இருந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைகள் என்றொரு மலைத்தொடர் உண்டு. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட 48 சிகரங்களை அங்கே பட்டியலிட்டிருக்கிறார்கள். அத்தனையையும் ஏறி முடிப்பது அந்தப் பகுதி மலையேறிகளின் ஆசை. குளிர்காலத்தில் ஏறி முடிப்பது அதைவிடப் பெரிய ஆசை. உயரத்தை மட்டும் பார்த்தால் பயம் வராது. இருப்பதிலேயே உயர்ந்த மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடிதான். நம் தொட்டபெட்டா அதைவிட உயரம். ஆனால் அந்தச் சிகரத்தில் 1934 ஏப்ரலில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியிருக்கிறது. ஓர் உயரத்துக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. பிறகு ஒதுங்க இடமில்லை. டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.

என் தோழி ஒருத்தி அந்த மாநிலத்தில் தனியாக வாழ்கிறாள். விடுமுறை நாட்களில் மலைக்குப் போவாள். ஒவ்வொரு முறையும் மதுரையிலிருந்து அவள் அம்மா தொலைபேசியில் கேட்பது ஒன்றுதான்: "துணைக்கு யாருடி வர்றா?" அவள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "நாய் வருதும்மா." அம்மாவுக்குப் பாதி நிம்மதி.

துணை என்பது நம் மொழியில் எவ்வளவு கனிவான சொல். அதுவேதான் பெண் வாசலைத் தாண்டுவதற்குக் கேட்கப்படும் அனுமதிச் சீட்டும். அப்பா, அண்ணன், கணவன், எதுவும் இல்லையென்றால் பத்து வயதுத் தம்பிகூடத் துணையாகிவிடுவான். அந்த வரிசையை விட்டு விலகி, ஒரு நாயை அழைத்துக்கொண்டு பனிமலையில் நடக்கிற பெண்ணின் விடுதலையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் கயிற்றின் ஒரு முனையில் பெண் வந்து நின்றவுடன் மறுமுனை மறைந்துவிடுவதில்லை. அங்கே ஓர் உடல் இருக்கிறது.

அந்த உடல் குளிரை எப்படித் தாங்குகிறது? நாயின் பாதத்தில் தமனியும் சிரையும் நெருங்கி ஓடுகின்றன. கீழிறங்கும் சூடான ரத்தம், மேலேறும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதம் குளிர்ந்தாலும் உடம்பு குளிர்வதில்லை. இயற்கையின் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. விரல்களுக்கிடையே பனி உருண்டு கட்டியாகும். உடைந்த பனிக்கட்டியின் விளிம்பு பாதத்தைக் கிழிக்கும். சிறிய நாய்களும் குட்டை முடி நாய்களும் சீக்கிரம் வெப்பத்தை இழக்கும். நாய் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாது. பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கும், நடுங்கும், பின்தங்கும். பிறகு, கூப்பிட்டால் மறுபடியும் வரும்.

கூப்பிட்டால் வரும் என்பதைத்தான் நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் தடுமாறி நிற்பதுண்டு. புகாரிலிருந்து மதுரை வரை கண்ணகி நடந்தாள். கோவலன் எழு என்றதும் எழுந்தாள். கொலைக்களக் காதையில் அதற்கு அவளே காரணம் சொல்கிறாள்: நீங்கள் செய்தது சான்றோர் போற்றாத செயல்; மறுக்கத் தெரியாத மனம் என்னுடையது, அதனால் எழுந்து வந்தேன் என்கிற பொருளில். இதைக் கற்பின் பெருமையாகவே பலகாலம் பாடம் சொல்லியிருக்கிறோம். எனக்கு அது ஒரு வாக்குமூலமாகக் கேட்கிறது. மறுக்கத் தெரியாதவள் வந்தாள் என்றால், அவள் வந்ததற்கு யார் பொறுப்பு? கண்ணகிக்காவது அதைச் சொல்ல ஒரு காதை கிடைத்தது.

பனிமலையும் நாயும் என்றால் மகாபாரதத்தின் முடிவு நினைவுக்கு வராமல் இருக்காது. பாண்டவர்கள் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாயும் கூடவே வருகிறது. முதலில் விழுகிறவள் திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்க, அர்ச்சுனன்மேல் அவளுக்குப் பட்சபாதம் இருந்தது என்று காரணம் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறார் தருமர். கடைசியில் நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொல்லும்போது மறுக்கிறார். தம்பியரையும் மனைவியையும் விட்டுவந்தாயே என்று இந்திரன் மடக்க, அவர்கள் இறந்தவர்கள், உயிரோடிருக்கையில் நான் யாரையும் விடவில்லை என்கிறார். சரியான பதில்தான். விழுந்தவள் அருகில் குனிந்து, அவள் மூச்சு நின்றதா என்று பார்த்தவர் யார்? நாய்க்காகச் சொர்க்கத்தையே மறுத்தவரின் கருணையை நான் சந்தேகிக்கவில்லை. அந்தக் கருணைக்கு முன்பே தேவைப்பட்டது ஒருமுறை திரும்பிப் பார்ப்பது.

அப்படியானால் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் அறமா? அவ்வளவு எளிதாகவும் சொல்லிவிட முடியாது. ஆபத்து என்று சொல்லிப் பூட்டிவைக்கப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். விடுதிக் கதவை ஆறு மணிக்குச் சாத்தியவர்களும் நம் பாதுகாப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். பனியில் குதித்துப் புரளும் நாயின் சந்தோஷம் பொய்யில்லை. அதைப் பறிப்பதும் ஓர் அதிகாரமே. அழைத்துப் போவதா, விட்டுப் போவதா என்பதைவிட, பாதிவழியில் அது வேண்டாம் என்றால் அந்த வேண்டாம் செல்லுபடியாகுமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டாம் ரயன் என்ற பத்திரிகையாளர் அட்டிகஸ் என்ற சின்னஞ்சிறு ஷ்னாசர் நாயோடு இந்த வெள்ளை மலைகளில் குளிர்காலங்களில் ஏறியவர். ஒரே குளிர்காலத்தில் 48 சிகரங்களையும் இருமுறை ஏறிவிட முயன்றார். அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. 2011இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பு, அட்டிகஸைப் பின்தொடர்தல் என்று பொருள்படும். தலைப்பில் பின்னால் நடப்பவர் மனிதர். அந்த இடமாற்றத்துக்காகவே அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கும்.

என் தோழி ஒரு ஜனவரியில் மவுண்ட் பியர்ஸ் சிகரத்துக்குப் போனாள். 1819 முதல் ஆட்கள் நடக்கும் கிராஃபோர்டு பாதை வழியாக ஏறியிருக்கிறாள். மரங்கள் குட்டையாகி, சிகரம் அரை மணி நேரத் தொலைவில் இருந்தபோது, நாய் நின்று முன்னங்காலைத் தூக்கியது. குனிந்து விரலிடுக்கில் இருந்த பனியை எடுத்துவிட்டாள். இரண்டடி நடந்து மறுபடி நின்றது. கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். "அதான் கூப்பிடல" என்றாள் என்னிடம். இறங்கிவிட்டார்கள்.

பின்னால் நடப்பவர்களின் விசுவாசத்தைப் பற்றி நம்மிடம் காவியங்கள் இருக்கின்றன. முன்னால் நடப்பவர்கள் எத்தனை முறை திரும்பிப் பார்த்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. இப்போது பிள்ளைகளை, மாணவிகளை, வீட்டு வேலைக்கு வருகிறவர்களை, நாய்களை அழைத்துக்கொண்டு நாமும் சில பாதைகளில் முன்னால் நடக்கிறோம். அந்தக் கணக்கை நம்மிடமிருந்தே தொடங்கலாம்.