குனியும் தலைமை

1969-ஆம் ஆண்டு. மகாத்மா காந்தியின் நூற்றாண்டையொட்டி, தில்லி ராஜ்காட் அருகே ஒரு பெரும் கண்காட்சிக்கான கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. கல்லும் மண்ணும் சுமந்த தாய்மாரின் குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தன. மீரா மகாதேவன் என்ற பெண்மணியால் அதைக் கண்டும் காணாததுபோல் செல்ல இயலவில்லை. அங்கேயே ஒரு கூடாரத்தில் அக்குழந்தைகளுக்கென ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்ற அமைப்பு அவ்வாறு பிறந்தது.

அந்த நடமாடும் காப்பகங்களின் இயல்பு சிந்தனைக்குரியது. கட்டடம் எழும்வரை காப்பகம் அங்கே இருக்கும்; வேலை முடிந்து தொழிலாளர் வேறிடம் சென்றதும் அதுவும் அவ்விடம் விட்டுப் பெயரும். கட்டடத்தைத் திறந்துவைத்தவரின் பெயர் கல்வெட்டில் நிலைபெறும். குழந்தைகளைத் தூக்கி வளர்த்த ஆசிரியையின் சுவடு அங்கே எஞ்சாது. இவ்விருவருள் தலைவர் என்று யாரைச் சொல்வது?

‘பணிவு துறவிக்குப் பொருந்தலாம்; தலைவனுக்குப் பொருந்துமா? பணிந்து போகிறவன் பிறரை எவ்வாறு வழிநடத்துவான்?’ என்ற ஐயம் எழக்கூடும். மழலையரின் ஆசிரியையைச் சற்று நேரம் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அவருடைய பட்டமும் பதவியும் ஒரு பொருட்டல்ல. நின்றபடி ஆணையிட்டால் அது அழும், அல்லது ஓடிவிடும். ஆகவே அவர் தரையில் அமர்ந்து, குழந்தையின் கண்மட்டத்திற்குத் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுவிட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். எனினும் அந்தப் பிஞ்சு விரல்கள் தடுமாறித் தடுமாறிக் கற்கும்வரை, தம் கையை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார். ஆற்றல் இருந்தும் அதைப் பிறர் வளர்ச்சிக்காக அடக்கிக்கொள்வதே பணிவு. அந்தப் பணிவே குழந்தையை வழிநடத்துகிறது.

இதில் நுட்பமான ஒரு துறவும் அடங்கியுள்ளது. முதன்முதலில் நமக்கு எண்ணக் கற்றுத்தந்தவரின் முகம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மறக்கப்படுவோம் என அறிந்தே ஆற்றப்படும் பணி அது. பலன் கருதாப் பணியைப் பற்றி நாம் நூல்களில் படிக்கிறோம். அவர்கள் அதைப் பெயரிட்டு அழைக்காமலே நாள்தோறும் செய்து வருகிறார்கள்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்வழி அங்கன்வாடிகள் நாடெங்கும் பரவின. அவற்றின் பணியாளர்கள் ‘கௌரவப் பணியாளர்’ என்றே கருதப்பட்டனர். அவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஊதியத்திற்குப் பதிலாக மதிப்பூதியமே தரப்படுகிறது. அவர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2022 ஏப்ரலில்தான். ‘தொண்டுள்ளம் படைத்தவர்கள்’ என வாயாரப் புகழ்ந்துவிட்டு, உரியதைக் கொடுக்கத் தயங்குவது அறமாகாது. பணிவு என்பது ஒருவர் தாமே மேற்கொள்ளும் நோன்பு. பிறர்மீது சுமத்தப்பட்டால் அது அநீதி.

ஆகவே அவர்களிடம் நாம் காணும் பணிவு, அவர்களுக்கு நாம் உபதேசிப்பதற்கு உரியதன்று. நாம் கற்றுக்கொள்வதற்கு உரியது. வீட்டிலோ, அலுவலகத்திலோ, மடத்திலோ பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவரும் இரவில் உறங்கச் செல்லுமுன் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். இன்று யாருக்காகக் குனிந்தேன்? யார் கற்க வேண்டும் என்பதற்காக என் கையை விலக்கிக்கொண்டேன்? யாருடைய உழைப்பை வெறும் புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டேன்?