செப்புக் காசில் ஒரு கடவுள்

கடவுளைத் தேடிக் காடேகியோர் கதை கேட்டிருக்கிறோம். கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றிக் கடவுளை உண்டாக்கியோரைக் காண வேண்டுமா? ரோமாபுரிக்கு வாருங்கள், தோழர்களே! கி.பி. 14, ஆகஸ்டு 19இல் அகஸ்டஸ் மாண்டான். செப்டம்பர் 17இல் செனட் கூடிற்று. செத்தவன் தெய்வமென்று முடிவு கட்டிற்று. மனிதன் கடவுளாவதற்குப் பிடித்த காலம் 29 நாட்கள்!

சாட்சியும் இருந்தது. அகஸ்டஸ் விண்ணேறியதைக் கண்ணாரக் கண்டேன் என்று சத்தியம் செய்தான் நூமேரியஸ் அட்டிக்கஸ் என்னும் செனட்டர். மன்னன் மனைவி லிவியா அவனுக்கு 10 லட்சம் செஸ்டர்ஸ் ஈந்தாள் என்கிறார் தியோ காசியஸ். மலிவான சாட்சியன்று!

அடுத்து அரியணை ஏறிய திபேரியஸ், அந்தத் தீர்மானத்தைச் செம்பிலே பொறித்தான். தலையைச் சுற்றிக் கதிர்கள். ஓரத்தில், தெய்வ அகஸ்டஸ், தந்தை என்ற எழுத்து. தன் காசுகளிலோ தன்னைத் தெய்வத்தின் மைந்தனென்று குறித்துக்கொண்டான். பெற்ற மைந்தனுமல்லன், தத்துப்பிள்ளை! பொன்னும் வெள்ளியும் செல்வர் பேழையில் உறங்கின. செம்பும் பித்தளையும்தான் ஏழையின் கையில் புழங்கின. ரொட்டிக் கடையிலும் பொதுக் குளிப்பிடத்திலும் அவன் நீட்டியது அந்தச் சில்லறையையே. ஏடறியாதவன் கண்ணிலும் அது படாமலிருக்க வழியில்லை.

பட்டதோடு நின்றதா? அகஸ்டஸ் உருவம் பொறித்த காசையோ கணையாழியையோ கழிப்பிடத்துக்கோ பரத்தையர் இல்லத்துக்கோ கொண்டு சென்றால், திபேரியஸ் ஆட்சியில் அது உயிரைப் பறிக்கும் குற்றமாயிற்று என்று எழுதியிருக்கிறார் சூட்டோனியஸ். காசின்றி வாழ முடியாது. காசோடு கழிப்பிடம் புகுந்தால் தலை போகும். என்னே தெய்வீகம்!

அந்தக் காசைக் கையில் ஏந்தி வாய்மூடிக் கிடந்த ஏழையும் பொய்யில் பங்காளிதானே என்று கேட்போர் உண்டு. நான் ஒப்பேன். அவன் வாங்கியது ரொட்டியை, பொய்யையன்று. வேறு காசு அவனுக்குத் தரப்பட்டதா? செனட்டர்கள் நிலை வேறு. மன்னனோடு உண்டவர்கள், அவன் நோயையும் மூப்பையும் நேரில் கண்டவர்கள், கற்றவர்கள். அறிந்தே இசைந்தார்கள். குற்றம் அவர்கள் வாசலில்தான் கிடக்கிறது.

தாங்கள் தொழுததை அவர்களே உருக்கவும் தயங்கவில்லை. உயிரோடிருக்கையிலேயே தன்னைத் தெய்வமாகத் தொழச் சொன்ன காலிகுலா, கி.பி. 41இல் கொலையுண்டான். கி.பி. 43இல், அவன் உருவம் தாங்கிய வெண்கலக் காசுகளை உருக்கிட அதே செனட் ஆணையிட்டது. உருகிய வெண்கலத்தில் அரசி மெசலினா, ம்னெஸ்டர் என்னும் கூத்தனுக்குச் சிலைகள் வார்த்தாள். இதுவும் தியோ தரும் செய்திதான்.

மூன்று நூற்றாண்டுகள் உருண்டன. கான்ஸ்டன்டைன், தன் வெண்கலக் காசுகளில் சூரியனைத் தோழனாகக் காட்டியவன், கிறித்துவத்தைத் தழுவினான். கி.பி. 337இல் மறைந்தான். பழைய பொய் அவனோடு மறைந்ததா? அவன் மைந்தர்கள் வெளியிட்ட சிறு வெண்கலக் காசில் நாற்குதிரைத் தேரேறி அவன் விண்ணகம் செல்கிறான். மேலிருந்து ஒரு கை நீண்டு அவனை வரவேற்கிறது. மறுபக்கம் முக்காடிட்ட அவன் தலை. அதன் ஓரத்தில், பெயருக்கு முன்னால், அகஸ்டசுக்குச் செனட் வழங்கிய அதே பழைய பட்டம்: தெய்வம்.