இரண்டு பாஸ்போர்ட், ஒரு சட்டை

சைக்கிள் வீரர் டேன் மார்ட்டின் 1986 ஆகஸ்ட் 20 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். தந்தை நீல் மார்ட்டின் ஆங்கிலேயர்; ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகச் சைக்கிள் ஓட்டியவர். தாய் மரியா அயர்லாந்துக்காரர். மரியாவின் சகோதரர்தான் ஸ்டீஃபன் ரோச். 1987ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் இத்தாலியின் ஜிரோ, பிரான்சின் டூர் ஆகிய பெரும் சைக்கிள் பந்தயங்கள், உலக சாம்பியன் பட்டம் மூன்றையும் வென்றவர் அவர். அதற்கு முன் 1974இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். தாய்மாமன் அந்த உயரத்தை எட்டியபோது மருமகனுக்கு ஒரு வயது.

இங்கிலாந்தில் பிறந்து, தந்தையும் பிரிட்டிஷ்காரராக இருந்ததால் பிரிட்டிஷ் குடியுரிமை தானாக வந்தது. அயர்லாந்து மண்ணில் பிறந்த தாய்க்கோ தந்தைக்கோ உலகின் எந்த மூலையில் பிள்ளை பிறந்தாலும் அது அயர்லாந்துக் குடிமகன்தான் என்கிறது அந்நாட்டுச் சட்டம். ஆக, மார்ட்டின் எந்த மனுவும் போடாமலே இரண்டு நாட்டுக்கும் உரியவர். இரண்டில் எதுவும் மற்றதைக் கைவிடச் சொல்லவில்லை. தாய்நாடு என்ற சொல்லை நாம் பழக்கத்தில் எந்த நாட்டுக்கும் போட்டுவிடுகிறோம். இவர் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

குடியுரிமை இரண்டு இருக்கலாம், பந்தய லைசென்ஸ் ஒன்றுதான். சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி இரு நாட்டுக் குடிமகன் லைசென்ஸ் எடுக்கும்போது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்; பிறகு நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. ஒலிம்பிக்கிலும் ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டால் அது தளரும்.

இத்தனைக்கும், தொழில்முறைச் சாலைப் பந்தயத்தில் நாட்டுச் சட்டையை அணியும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வருடத்தில் எழுபது, எண்பது நாள் வீரர் ஓட்டுவது சம்பளம் தரும் அணிக்காக. அணிக்குப் பெயர் ஒரு மின்னணு நிறுவனத்தினுடையதாகவோ தரைப்பலகை செய்யும் கம்பெனியினுடையதாகவோ இருக்கும். பக்கத்தில் ஓட்டுபவர் கனடாக்காரர், பின்னால் உணவுப் பையை நீட்டுபவர் பெல்ஜியக்காரர். உலகப் போட்டி நடக்கும் ஒரு ஞாயிறு, நான்காண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக், இவைதான் முக்கிய விலக்கு. தேசிய சாம்பியன் ஆனவர் மட்டும் ஓராண்டு முழுவதும் நாட்டின் நிறங்களை அணிந்து ஓட்டலாம். மற்ற நாட்களில் நாடு என்பது முடிவுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்து. அந்த மூன்றெழுத்துக்காக ஒருவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

மெனக்கெடக் காரணம் இருந்தது. மார்ட்டின் 2004இல் பிரிட்டனின் இளையோர் சாலை சாம்பியன். அதே 2004இல்தான் மான்செஸ்டரை மையமாக வைத்து இளம் வீரர்களுக்கான பயிற்சிக்கூடம் ஒன்றைப் பிரிட்டன் தொடங்கியது. மார்க் கேவெண்டிஷ், ஜெரைன்ட் தாமஸ் போன்றவர்கள் அதில் வளர்ந்தார்கள். லாட்டரிப் பணம் விளையாட்டுக்குத் தாராளமாக வந்த காலம்; ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஏற்ப அந்தப் பணம் பங்கிடப்பட்டது. பதக்கம் அதிகம் கிடைப்பது மரத்தளம் போட்ட வட்டப் பாதையில். எனவே சாலையில் ஓட்ட நினைப்பவரும் அந்த மரத்தளத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அறுபது கிலோவை ஒட்டிய உடல்வாகு கொண்ட, மலை கண்டால்தான் உயிர் வருகிற பையனுக்கு அங்கே என்ன வேலை? மார்ட்டின் பிரான்சுக்குப் போய் மார்செய் நகரத்து அமெச்சூர் சங்கமொன்றில் சேர்ந்தார். 2006இல் அயர்லாந்து லைசென்ஸுக்கு மாறினார். வசதி இருந்த வீட்டை விட்டு, இடம் இருந்த வீட்டுக்குப் போன கதை இது. தேசப்பற்று என்று மட்டும் இதற்குப் பெயர் வைத்தால் பாதி உண்மை விடுபடும். பிழைப்புக் கணக்கு என்று சொன்னால் மறு பாதி விடுபடும்.

அயர்லாந்தில் இடம் இருந்தது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகப் போட்டிக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை நாட்டின் தரவரிசை தீர்மானிக்கிறது. பெரிய நாடுகள் முழு அணியோடு வந்து, தலைவருக்குக் காற்றைத் தடுத்து, தண்ணீர் கொண்டுவந்து, கடைசி மலைவரை சுமந்துபோகும். சின்ன நாட்டுக்காரர் பெரும்பாலும் தனியாகத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமை எளிதில் கிடைக்கும், துணை கிடைக்காது. மார்ட்டின் இதைத் தெரிந்தேதான் ஏற்றார். 2008இல் அமெரிக்க அணி ஒன்றில் தொழில்முறை வீரரானார்; அந்த ஆண்டே அயர்லாந்தின் தேசிய சாம்பியனும் ஆனார்.

அவர் தலைமுறையில் அயர்லாந்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மூவரை எடுத்துக்கொண்டால் வேடிக்கையான ஒரு விஷயம் தெரியும். மார்ட்டின் பிறந்தது பர்மிங்ஹாமில். மாமன் மகன் நிக்கோலஸ் ரோச் பிறந்தது பிரான்சில், பிரெஞ்சுத் தாய்க்கு. 2020 டூரில் புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை வென்ற சாம் பென்னட் பிறந்தது பெல்ஜியத்தின் வெர்விக் என்ற ஊரில். தகப்பனார் அங்கே கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார். மூவரில் ஒருவர்கூட அயர்லாந்து மண்ணில் பிறக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் மக்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்த தீவு அது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைச் சட்டத்தின் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பென்னட்டாவது அங்கே போய் வளர்ந்தார். மார்ட்டின் வளர்ந்ததும் இங்கிலாந்தில்தான்; வாயைத் திறந்தால் இங்கிலாந்து உச்சரிப்புதான் வரும்.

2013 ஏப்ரல் 21. பெல்ஜியத்தில் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயம், 260 கிலோமீட்டருக்கு மேல். 1892இல் தொடங்கிய, ஒருநாள் பந்தயங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. கடைசியில் ஸ்பெயினின் ஹோகிம் ரோட்ரிகெஸ் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். அதுவரை மார்ட்டினுக்காக முன்னால் நின்று உழைத்தவர் கனடாவின் ரைடர் ஹெஷெடால், முந்தைய ஆண்டு ஜிரோவையே வென்றவர். மார்ட்டின் எட்டிப் பிடித்து, ஆன்ஸ் ஊரின் ஏற்றத்தில் ரோட்ரிகெஸைக் கடந்து மூன்று விநாடியில் ஜெயித்தார். பாண்டாக் கரடி வேடம் போட்ட ஒரு ரசிகர் அவருக்குப் பின்னால் ஓடிவரும் படம் உலகமெல்லாம் சுற்றியது. பிற்பாடு அவர் எழுதிய தன்வரலாற்றுக்குத் தலைப்பும் அதிலிருந்தே வந்தது. சீன் கெல்லிக்குப் பிறகு இந்தப் பந்தயத்தை வென்ற முதல் அயர்லாந்துக்காரர் என்று செய்திகள் எழுதின. அந்தத் தேதியிலிருந்து பர்மிங்ஹாம் அடிக்குறிப்புக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில், முடிவுக் கோட்டுக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது சக்கரம் வழுக்கி விழுந்தார்.

அந்த வீழ்ச்சிக்குப் பன்னிரண்டாம் நாள் நடந்ததுதான் இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம். 2014 ஜிரோ, இத்தாலியில் தொடங்காமல், மே 9 அன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் தொடங்கியது. மூன்றாம் நாள் டப்ளினில், அதாவது தாயின் நாட்டுத் தலைநகரில், முடியும். பெல்ஃபாஸ்ட் ஐக்கிய ராஜ்யத்தின் ஆட்சிக்குட்பட்ட நகரம். ஆனால் 1998 புனித வெள்ளி உடன்பாட்டின்படி வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை அயர்லாந்துக்காரர் என்றோ பிரிட்டிஷ்காரர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். முப்பதாண்டு ரத்தக்களரிக்குப் பிறகு கிடைத்த ஏற்பாடு. மார்ட்டினுக்குக் குடும்பத்தில் தற்செயலாக அமைந்தது, அந்த ஊரில் ஒப்பந்தம் போட்டு நிலைநாட்டப்பட்டது.

ஜிரோவின் நிறம் இளஞ்சிவப்பு. வட அயர்லாந்தில் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்கு போட்டார்கள். ஆடுகளுக்குக்கூடச் சாயம் பூசினார்கள். தெரு ஒரு பக்கம் ஒரு கொடி, மறுபக்கம் இன்னொரு கொடி என்று பழகிய ஊருக்கு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிறம் சில நாட்கள் கிடைத்தது. முதல் நாள் 21.7 கிலோமீட்டர், அணியாக நேரத்தோடு போட்டி. ஒன்பது பேர் ஒரு சாணுக்குக் குறைவான இடைவெளியில் ஒருவர் பின்னால் ஒருவராகப் பறக்க வேண்டும். மழையில் சாலை நனைந்திருந்தது. அணித்தலைவர் மார்ட்டினின் சக்கரம் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிமேல் பட்டு வழுக்கியது. அவர் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். காரை எலும்பு உடைந்தது. அன்றோடு அவருடைய ஜிரோ முடிந்தது. டப்ளினுக்குப் பந்தயம் போய்ச் சேர்ந்தபோது அதில் அவர் இல்லை. எந்த ஊரில் அவருடைய இரு அடையாளமும் சர்வ சாதாரணமோ அந்த ஊரின் சாலை அவரைத் தாங்கவில்லை. சாக்கடை மூடிக்கு எந்த நாட்டு லைசென்ஸும் ஒன்றுதான்.

அந்த அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தை ஒரு விநாடியில் வென்றார். அதன் பிறகான ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். டூரில் 2013இலும் 2018இலும் ஒவ்வொரு கட்ட வெற்றி. 2017 டூரில் பெரிய விபத்தில் சிக்கி, இரண்டு முள்ளெலும்புகள் உடைந்திருப்பது தெரியாமலே பாரிஸ்வரை ஓட்டி ஆறாம் இடம். 2020இல் ஸ்பெயினின் வுவெல்தா பந்தயத்தில் நான்காம் இடம். 2021 மே மாதம், காரை எலும்பு முறிந்த அதே ஜிரோவில், சேகா தி ஆலா மலையுச்சியில் முதலாவதாக வந்தார். மூன்று பெரும் பந்தயங்களிலும் கட்ட வெற்றி பெற்றவர் என்ற கணக்கு அத்தோடு நிறைவானது.

கடைசி ஆண்டில் அவருடைய அணித் தோழர் கிறிஸ் ஃப்ரூம். கென்யாவின் நைரோபியில் பிரிட்டிஷ் வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்து, 2008வரை கென்யா லைசென்ஸில் ஓட்டிவிட்டுப் பிரிட்டனுக்கு மாறி, நான்கு டூர் வென்றவர். மார்ட்டின் பெரிய நாட்டிலிருந்து சிறியதற்குப் போனார். ஃப்ரூம் எதிர்த்திசையில் வந்தார். ஃப்ரூம் மாறிய காலத்தில் கென்யச் சட்டம் இரட்டைக் குடியுரிமையையே ஏற்கவில்லை. 2010 அரசியல் சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹைன்ரிக் ஹவுஸ்லர் ஜெர்மானியராக ஓட்டிவிட்டு, 2010இல் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்துதான் ஆஸ்திரேலியச் சட்டையை அணிய முடிந்தது. மார்ட்டின் எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வகையில் அவர் கொடுத்துவைத்தவர். அவருடைய தேர்வை மற்றவர்களின் தேர்வுக்கு அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

2021 பருவத்தோடு ஓய்வு பெற்றார். நெடுங்காலம் வசித்தது பிரிட்டனிலும் அல்ல, அயர்லாந்திலும் அல்ல. முதலில் ஸ்பெயினின் ஜிரோனா, பிறகு பிரனீஸ் மலைநாடான அண்டோரா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் பச்சையில் சாலைப் பந்தயம் ஓட்டினார். அதே ஒலிம்பிக்கின் பெண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தில், பின்னாளில் அவர் மனைவியான ஜெஸ் ஆண்ட்ரூஸ் ஓடினார், பிரிட்டன் சட்டையில்.