இரண்டு சாவுகள்

சாவு வீட்டில் வாசிக்கப் போகிறவன், இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்துவிட்டுத்தான் போகவேண்டுமா? ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

ருஷ்யா தந்த மகா பியானோ வித்வான்களில் அவர் ஒருவர். 1915-ல், இன்றைய உக்ரேனிலுள்ள ஜித்தோமிரில் பிறந்தவர். தகப்பனார் ஜெர்மன் வம்சத்தவர். ஒடெஸா நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் ஆசிரியர். 1937-ல் மகன் மாஸ்கோவுக்குப் போய் நெய்ஹவுஸ் என்ற பேராசானிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். 1941-ல் ஹிட்லரின் படை ருஷ்யாவுக்குள் புகுந்தது. ஜெர்மன் பெயர் வைத்திருந்த தகப்பனாரை வேவுகாரர் என்று சொல்லி சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். தாயார் யுத்தத்தின்போது ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அவரை மறுபடி பார்த்தது 1960-ல்தான்.

1953 மார்ச் 5-ந் தேதி ஸ்டாலின் இறந்தார். டிபிலிஸியில் இருந்த ரிக்டரை, மலர்வளையங்கள் ஏற்றிய விமானத்தில் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். உடலைக் கிடத்தியிருந்த மண்டபத்தில் அவர் பாக் வாசித்தார். தகப்பனைக் கொன்ற ஆட்சியின் தலைவனுக்கு மகன் வாசிக்கிறான்! அதே நாளில்தான் பிரகோஃபியெவும் இறந்திருந்தார். அவருடைய ஏழாவது ஸொனாட்டாவை 1943-ல் முதன்முதலாக மேடையில் வாசித்தவர் இந்த ரிக்டர்தான்.

பிற்பாடு ஒரு கதை கிளம்பிற்று. வேண்டுமென்றே ஃபியூக் என்னும் நீண்ட உருப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் தம் எதிர்ப்பைக் காட்டினாராம், கூட்டம் சீறிற்றாம். ரசிகர்களுக்கு இப்படி ஒரு கதை தேவையாக இருக்கிறது. நமக்குப் பிடித்த வித்வான் பணிந்து போனவர் என்றால் நம் ரசனைக்கே இழுக்கு அல்லவா? ஆனால் ரிக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் யாராவது சீறுவார்களா என்று கேட்டு ஒதுக்கிவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீரப் பட்டம் இலவசமாகவே கிடைத்திருக்கும்.

ஏழு வருஷம் சென்றது. 1958-ல் நோபல் பரிசு பெற்று, அதை மறுக்கும்படி நெருக்கப்பட்டு, எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் விலக்கப்பட்ட பாஸ்டர்நாக் 1960-ல் பெரெதெல்கினோ கிராமத்தில் காலமானார். அந்த வீட்டுக்குப் போவதே ஆட்சியின் கண்ணில் படுகிற காரியம். ரிக்டர் போனார். அந்த வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து வாசித்தார். அதே வருஷம் அக்டோபரில்தான் அவருக்கு முதல் அமெரிக்கப் பயணம். அனுப்புவதும் அனுப்பாததும் யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சாவில் வாசித்தது முதலாவதற்குப் பிராயச்சித்தம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது வரவு செலவுக் கணக்கு அல்ல. வீரத்தைத் தேடுகிறவர்கள் மரியா யூதினாவிடம் போகட்டும். பாஸ்டர்நாக்கின் கவிதையைக் கச்சேரி மேடையிலேயே வாசித்து, அதற்காகத் தடையும் வாங்கிக்கொண்ட பியானோ வித்வாம்சினி அந்த அம்மாள். ரிக்டர் அந்த ஜாதி அல்ல.

1953-ல் மறுத்திருக்கலாமே என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பது சுலபம். என் மனத்தில் நிற்பது வேறு. விமானத்தில் ஏற்றியபோது அவருக்குச் சுதந்திரம் இல்லை. அந்த நாளைப் பற்றிப் பின்னால் பேசியபோது இருந்தது. பணிந்ததை எதிர்ப்பாக மாற்றிச் சொல்லிக்கொள்ள அப்போது அவரைத் தடுப்பவர் யாருமில்லை. அவர் அதைச் செய்யவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்தக் கதையை வேண்டாம் என்றிருப்போம்?

முதிய வயதில் அவர் கச்சேரி மண்டபத்தின் விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னார். ஸ்வரத் தாளின்மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். ஜனங்கள் சங்கீதத்தைக் கேட்கவேண்டும், வாசிப்பவன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். 1997 ஆகஸ்டில் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு தம்மைப் பற்றிய ஒரு படத்துக்காகப் பேசினார். அதன் முடிவில், தமக்குத் தம்மையே பிடிக்கவில்லை என்கிறார். காரணம் சொல்லவில்லை.